கிணத்துக்குள்ள ஆள் இறங்கியாச்சு, படிக்கிறவங்களுக்குப் பதற்றமே வரலையே: எங்க தப்பு?

#1 வரப்போரம்

வணக்கம் மக்களே. ஒரு சிறுகதையை எழுதி மூணு மாசமா கையில வச்சிருக்கேன். ஒரு இதழுக்கு அனுப்பினேன். "கரு நல்லா இருக்கு, விறுவிறுப்பு போதலை"ன்னு ஒத்த வரியில திரும்பி வந்துச்சு. சரின்னு வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்தேன். கிணத்துக்குள்ள ஒருத்தன் உயிருக்குப் போராடுற இடத்துல குக்கர் விசில் அடிச்சுது. தாளைக் கவுத்து வச்சிட்டு எந்திரிச்சுப் போனவ, பருப்பைக் கடைஞ்சு, ரசம் வச்சு, காயப்போட்ட துணியை மடிச்சு முடிச்சிட்டுத்தான் வந்தா. வந்து "எங்க விட்டேன்?"னு என்னையே கேட்டா. அதுக்கு அந்த இதழாசிரியரே தேவலை.

கதை இதுதான். கோடையில ஒரு பழைய கிணத்தைத் தூர் வார மாரிமுத்து இறங்குறான். உள்ள விஷவாயு. அவன் தங்கச்சி புருஷன் செல்வம் காப்பாத்த இறங்குறான். கடைசியில ரெண்டு பேரையும் மேல தூக்கிடுறாங்க. நடுவுல இருந்து கொஞ்சம் ஒட்டுறேன்:

"பயங்கரமான அந்தப் பாழுங்கிணறு மரணத்தின் வாயைப் போலத் திறந்து கிடந்தது. 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க!' என்று மாரிமுத்து உள்ளிருந்து அலறினான். செல்வத்தின் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒவ்வொரு நொடியும் ஒரு யுகமாகக் கழிந்தது. உயிரைப் பணயம் வைத்து அவன் கயிற்றைப் பற்றி இறங்கினான். என்ன நடக்குமோ என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது."

இதுக்கு மேல என்ன பதற்றத்தைச் சேக்குறது? எனக்குத் தெரிஞ்ச எல்லா வார்த்தையையும் போட்டுப் பாத்தாச்சு.

#2 கடைசிபெஞ்ச்

ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னதாலதான் விஷவாயு அவங்களை ஒண்ணும் பண்ணலை போல.

#3 மசிக்குப்பி

கடைசிபெஞ்ச், சும்மா இரு.

வரப்போரம், எல்லா வார்த்தையையும் போட்டதுதான் வினை. பயங்கரம், மரணத்தின் வாய், படபட, யுகம், பணயம். ஆறு வாக்கியத்தில் ஐந்து இடத்தில் எனக்குப் பதிலாக நீங்களே பயந்து முடித்துவிட்டீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் பாயசத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

நான் தெரிந்துகொள்ள நினைத்தது எதுவும் இதில் இல்லை. கிணறு எத்தனை அடி? அடியில் தண்ணீர் கிடக்கிறதா, வெறும் சேறா? படி உண்டா? கயிறு எவ்வளவு நீளம், மேலே அதைப் பிடித்திருப்பது எத்தனை பேர், அவர்களில் யாருக்கு வயதாகிவிட்டது? 60 அடிக் கிணறு, 50 அடிக் கயிறு என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். அந்தப் 10 அடியை நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். கணக்குப் போட ஆரம்பித்த ஆள் குக்கருக்கெல்லாம் எழுந்து போகமாட்டார்.

#4 பாறைமுட்டி

அக்கா சொன்ன கணக்குக்கு நான் சாட்சி. எனக்கு வேலையே சுரங்கப்பாதை தோண்டுறதுதான், மலையில இல்லை, நகரத்துல.

2023 நவம்பர் 12, தீபாவளி அன்னிக்கு விடியக்காலை உத்தரகாண்ட்ல சில்க்யாரா சுரங்கப்பாதை இடிஞ்சு 41 பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. எங்க சைட் ஆபீஸ்ல ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதுல எங்க வேலைக் கணக்கை அழிச்சிட்டு, சில்க்யாரால மாட்டினவங்களை வெளிய எடுக்க இடிபாட்டுக்குள்ள செலுத்துற குழாய் எத்தனை மீட்டர் உள்ள போயிருக்குன்னு தினமும் எழுதி வச்சோம். இடிஞ்சு கிடந்த மண்ணு ஏறக்குறைய 60 மீட்டர். அந்த 60 எங்களை ஒண்ணும் பண்ணலை. பெரிய துளைப்பான் மிஷின் வந்துடுச்சு, ரெண்டு மூணு நாள் வேலைன்னு பேசிக்கிட்டோம்.

அப்புறம் மிஷினோட அலகு உள்ள கிடந்த இரும்புச் சட்டத்துல சிக்கி முறிஞ்சுது. முறிஞ்ச துண்டை வெளிய எடுக்கவே ஹைதராபாத்துல இருந்து பிளாஸ்மா கட்டர் வரவேண்டியதாப் போச்சு. அப்ப பாக்கி இருந்தது 12 மீட்டர் மாதிரிதான். பலகையில அந்த 12ஐ எழுதினப்போ ஆபீஸ்ல ஒரு பேச்சு இல்லை. 60க்கு வராத பயம் 12க்கு வந்துச்சு.

கடைசித் தூரத்தைக் கையாலதான் தோண்டினாங்க. 800 மில்லிமீட்டர் குழாய்க்குள்ள ஒருத்தர் கொத்த, ஒருத்தர் அள்ள, மண்ணைச் சின்ன வண்டியில வச்சு வெளிய இழுத்தாங்க. எலிவளைச் சுரங்கம் தோண்டுற ஆளுங்க. மேகாலயாவுல 2014லயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை பண்ணின முறை அது. 28ஆம் தேதி ராத்திரி 41 பேரும் வெளிய வந்தாங்க.

கதை எழுதுறவங்க சாதாரணமா சின்னதுல ஆரம்பிச்சுப் பெருசுல கொண்டு போய் முடிப்பாங்க. முதல்ல கயிறு, அப்புறம் கிரேன், கடைசியில ஹெலிகாப்டர். நிஜத்துல இங்க தலைகீழா நடந்துச்சு. பெரிய மிஷின் ஒவ்வொண்ணா கைவிட்டுட்டு, கடைசியில மனுசன் கையும் ஒரு உளியும் மிச்சம். எனக்கு அதுதான் அடிவயித்தைக் கலக்கிச்சு.

#5 ஏழாம்பக்கம்

நான் ஒத்துக்க மாட்டேன். அடி, மீட்டர்னு அளந்துக்கிட்டே இருந்தா அது கதையா, அளவுப் புத்தகமா?

வரப்போரம் பண்ணின தப்பே வேற. விஷவாயு இருக்குன்னு முதல்லயே உடைச்சிட்டாரு. அதை ஒளிச்சு வைங்க. மாரிமுத்து சாதாரணமா இறங்கட்டும், சத்தம் நிக்கட்டும். "தூங்கிட்டானா"ன்னு சிரிச்சுக்கிட்டே செல்வம் இறங்கட்டும். அவன் சத்தமும் நிக்கட்டும். அப்பதான் வாசகனுக்குச் சுரீர்னு உறைக்கணும். எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா மிச்சத்தை எதுக்குப் படிக்கணும்?

#6 மசிக்குப்பி

அது அதிர்ச்சி, ஏழாம்பக்கம். ஒரு தடவைதான் வேலை செய்யும், கதவுக்குப் பின்னால் நின்று "பே" என்கிற மாதிரி. வரப்போரம் கேட்பது அரை மணி நேரம் உட்கார வைக்கிற பதற்றம்.

முடிவு தெரிந்தால் பதற்றம் போய்விடும் என்றால் தாய்லாந்து குகை மீட்பை யாரும் இரண்டாம் முறை படிக்கவே கூடாது. 2018 ஜூன் 23 அன்று தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 10க்குள் பதின்மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். ஊர் உலகத்துக்கே தெரியும். இருந்தும் பிள்ளைகளை வெளியே எடுத்த அந்த மூன்று நாளைப் படிக்கும்போது எனக்குக் கை சில்லிடுகிறது. ஏன்?

தண்ணீர் நிறைந்த பொந்துகளின் வழியே மணிக்கணக்கில் வெளியே வர வேண்டும். முக்குளிக்கத் தெரியாத பிள்ளைகள். விழித்திருந்தால் தண்ணீருக்கடியில் பதறிப்போய்த் தங்களையும் கூட்டிவருபவரையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இரண்டு வாசலிலும் எமன். ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர், அவரே குகை முக்குளிப்பவரும்கூட, இரண்டாவது வாசலைத் தேர்ந்தெடுத்தார். இது பலிக்கும் என்று தானே நம்பவில்லை என்று பிறகு சொன்னார். பிள்ளைகளைத் தூங்க வைத்து, முகமூடி மாட்டி, கையைப் பின்னால் கட்டினார்கள். நடுவழியில் மருந்து இறங்கிப் பிள்ளை அசையத் தொடங்கினால் தொடையில் இன்னொரு ஊசி போட வேண்டியவர் மருத்துவர் அல்ல, கூட்டி வரும் முக்குளிப்பவர். ஊசி போடவே அங்கேதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"காப்பாற்றுவதற்காகப் பிள்ளையின் கையைக் கட்டினார்கள்." இந்த ஒரு வரிக்கு முன்னால் உங்கள் யுகம், பணயம் எல்லாம் நிற்குமா, வரப்போரம்? உங்கள் செல்வம் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. இறங்கினான், அவ்வளவுதான். பிழைப்பானா என்கிற கேள்வி கதைக்கு ஒன்றுதான் இருக்கும். இந்த நிமிஷம் இவன் என்ன செய்வான் என்கிற கேள்வியைப் பத்திக்கு ஒன்று வைக்கலாம்.

இன்னொன்று. முதல் பிள்ளையை வெளியே எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 6 அன்று, முன்னாள் தாய்லாந்து கடற்படை முக்குளிப்பாளர் சமன் குனன் காற்று உருளைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோனார். பயிற்சி பெற்றவரே போய்விட்டார் என்று தெரிந்த பிறகுதான் பயிற்சி இல்லாத பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்குகிறார்கள். கதாசிரியர் யாரும் இந்த வரிசையை மாற்றத் துணியமாட்டார்.

#7 தணல்வண்டி

தம்பி வரப்போரம், நான் தீயணைப்புத் துறையில இருந்து ஓய்வு பெத்தவன். கதை எழுதத் தெரியாது. கிணறு கொஞ்சம் தெரியும்.

முதல் தப்பு, உங்க மாரிமுத்து கத்துறான். கத்துற ஆளுக்கு மூச்சு இருக்குன்னு அர்த்தம், அவனைப் பத்தி நாங்க அவ்வளவு பயப்பட மாட்டோம். நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் நூத்துக்கு 21 பங்கு. பாழுங்கிணத்து அடியில அது 6க்கும் கீழ போயிருந்தா ரெண்டு மூச்சுல காலு மடங்கிடும். முன்கூட்டித் தலைவலி, நெஞ்சடைப்பு எதுவும் வராம போகலாம். மம்பட்டியை எடுக்கக் குனிஞ்சவன் அப்படியே குந்துவான். மேல இருந்து பாத்தா பீடி பத்த வைக்க உக்காந்த மாதிரியே இருக்கும். மேல இருக்கிறவன் "என்னடா, அதுக்குள்ள பீடியா"ன்னு கேப்பான். பதில் வராது.

கரியமில வாயு காத்தை விடக் கனம். அடியில போய்ப் படுத்துக்கும். அதனால பாதிக் கிணறு வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. "நல்லாத்தான் இருக்கு, விடு"ன்னு பாதியில குரல் குடுத்தவங்களைத் தூக்கியிருக்கேன். அந்தக் காலத்துப் பெரியவங்க முதல்ல அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்குவாங்க. அணைஞ்சா ஆள் இறங்கக் கூடாது. வேப்பங்குழையைக் கத்தையாக் கட்டி மேலயும் கீழயும் இழுத்துக் காத்தைக் கலக்குவாங்க. சாக்கடைத் தொட்டி மாதிரி இடத்துல அந்த விளக்கே வெடிக்க வச்சிடும், அது வேற.

தொட்டின்னதும் ஞாபகம் வருது. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும் பாருங்க, ஹைட்ரஜன் சல்பைடு, அது அளவுக்கு மீறினா மூக்கு மரத்துப் போயிடும். நாத்தம் போயிடும். இறங்குனவன் "இப்ப பரவாயில்லை"ன்னு நினைப்பான். பரவாயில்லைன்னு தோணுற அந்த நேரந்தான் ஆபத்து.

செல்வத்துக்கு வர்றேன். செத்தது யாருன்னு எண்ணிப் பாத்தா பல இடத்துல முதல்ல இறங்கினவனை விட அவனைக் காப்பாத்த இறங்கினவங்கதான் ஜாஸ்தி. அமெரிக்கால வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற நியோஷ் அமைப்பு 1986ல விட்ட எச்சரிக்கையிலயே, இந்த மாதிரி அடைஞ்ச இடத்துச் சாவுகள்ல நூத்துக்கு 60க்கு மேல காப்பாத்தப் போனவங்கன்னு போட்டிருந்தாங்க. வேடிக்கை பாக்க வந்தவன் இறங்க மாட்டான். அண்ணன், அப்பன், மச்சான், இவங்கதான் இறங்குவாங்க. சொந்தம்தான் கொல்லும்.

நாங்க மூச்சுக்கருவி மாட்டிக்கிட்டு இறங்குவோம். சிலிண்டர்ல காத்து குறைஞ்சா அதுவே விசில் ஊதும், நிறுத்த முடியாது. அரை மணி நேரம்னு கணக்கு. சேத்துல கிடக்கிற ஆளைத் தூக்கிக் கட்டுற வேலைக்கு அவ்வளவு வராது. ஒரு தடவை நான் அடியில ஒருத்தருக்கு அக்குளுக்குக் கீழ கயிறு கட்டிக்கிட்டு இருக்கேன். முடிச்சு பாதி. விசில் ஊதிடுச்சு. மேல போய் வேற சிலிண்டர் மாட்டிக்கிட்டு வரணும்னா ஏழெட்டு நிமிஷம். முடிச்சை முடிக்க ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்குக் காத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பேரன் பள்ளிக்கூடம் விடுற நேரம். கூட்டிட்டு வந்துடுறேன்.

#8 கடைசிபெஞ்ச்

ஐயா???

#9 ஏழாம்பக்கம்

ஐயா, என்ன பண்ணீங்க? பேரன் நடந்து வருவான் ஐயா, சொல்லிட்டுப் போங்க.

கதை எழுதத் தெரியாதுன்னு சொல்லிட்டு நம்ம எல்லாரையும் கிணத்தடியில நிறுத்திட்டுப் போயிட்டாரு. மசிக்குப்பி, நான் சரணடைஞ்சேன். அவர் எதையும் ஒளிக்கலை. ரெண்டு நிமிஷம், ஏழெட்டு நிமிஷம், எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு.

ஆனா ஒளிச்சு வைக்கிறதுலயும் ஒரு நல்ல வகை இருக்கு, அதை விட்டுக்குடுக்க மாட்டேன். 2010 ஆகஸ்ட் 5, சிலி நாட்டு சான் ஹோசே சுரங்கம். 33 பேர் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்துல. 17 நாள் வரைக்கும் உயிரோட இருக்காங்களான்னே மேல யாருக்கும் தெரியாது. துளை போட்டுத் துழாவுறாங்க, தப்பித் தப்பிப் போகுது. கீழ இருக்கிறவங்களுக்கோ துளைப்பான் சத்தம் கேக்குது. கிட்ட வருது, தாண்டிப் போயிடுது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் டூனா மீன், அரைக் கிளாஸ் பால். கடைசியில ஆகஸ்ட் 22 துளைப்பான் உள்ள வந்துச்சு. அதைத் தட்டினாங்க, சிவப்புப் பெயின்ட் அடிச்சாங்க, சீட்டு எழுதிக் கட்டி விட்டாங்க. மேல இழுத்தப்போ முதல்ல தெரிஞ்சது பெயின்ட்.

மேல நின்னு சொன்னா 17 நாள் நிசப்தம். கீழ உக்காந்து சொன்னா 17 நாள் சத்தம். ரெண்டும் பதற்றந்தான், ஆனா வேற வேற பதற்றம். ரெண்டு பக்கமும் மாறி மாறித் தாவினா ரெண்டும் போச்சு. வரப்போரம் தாவுறாரு. முதல்ல மாரிமுத்து கூட, அப்புறம் செல்வத்தோட நெஞ்சுக்குள்ள, அப்புறம் ஊர்சனம். ஒரு இடத்துல நில்லுங்க பாஸ்.

#10 இடையினம்

பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். எல்லோரும் கதையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வாக்கியத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நம் மொழியில் வினை கடைசியில் வரும். "செல்வம் கையை எட்டி மாரிமுத்துவின் இடுப்புத் துண்டை" என்பது வரை வாசித்தவருக்குப் பிடித்தானா, தவறவிட்டானா, விரல் மட்டும் பட்டதா என்று தெரியாது. கடைசிச் சொல் வரும் வரை ஆள் அந்தரத்தில். காசு கொடுக்காமல் கிடைக்கும் சரக்கு இது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்த இடத்தில் வரியை உடைத்து, ஒற்றும் போட்டு "துண்டைப்" என்று எழுதினால் பிடித்தான் என்று "ப்" காட்டிக்கொடுத்துவிடும்!

காலட்சேபக்காரர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த செய்தி ஒன்று உண்டு. அனுமன் இலங்கையிலிருந்து திரும்பியதும் கம்பன் அவன் வாயில் முதலில் வைத்தது "கண்டனென்", அதாவது "கண்டேன்" என்ற வினை. "சீதையை" என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் வருவதற்குள் ராமன் தவித்துவிடுவானாம். தவிப்பைத் தீர்க்க வினையை முன்னால் தூக்கி வைத்தான் கம்பன். உங்களுக்கு வேண்டியது தவிப்பு. பின்னால் தள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் பத்தியில் "கிடந்தது, அலறினான், அடித்துக்கொண்டது, கழிந்தது, இறங்கினான், நின்றது" என்று எல்லாமே வினைமுற்று. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கதவு சாத்துகிற ஓசை. இறங்கி, நின்று, குனிந்து, தொட்டுப் பார்த்து என்று எச்சமாகக் கோத்துக்கொண்டே போங்கள், வாசகர் மூச்சு விட இடமில்லாமல் கூடவே வருவார். அப்புறம் இரண்டே சொல்லில் ஒரு முற்று. என் மாணவர்களுக்குத் தேர்வில் வினையெச்சத்துக்கு ஒரு மதிப்பெண்தான். கதையில் அதன் மதிப்பு வேறு.

#11 நிலாமுற்றம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஒரு நெருடல்.

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. முதலில் 26 அடியில் இருந்த பிள்ளை இன்னும் கீழே சரிந்தது. பக்கத்தில் குழி தோண்டினார்கள், கடும்பாறை. தீபாவளி நடுவில் வந்து போனது. 29ஆம் தேதி விடியலில் உடலைத்தான் எடுக்க முடிந்தது. நீங்கள் இங்கே சொல்லும் எல்லாமே அதில் இருந்தன. அளவு இருந்தது, தடை இருந்தது, ஓடுகிற நேரம் இருந்தது. தொலைக்காட்சிகள் இரவு பகலாக நேரலையில் காட்டின. நான் அணைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அன்று என்னை உட்கார வைத்தது அக்கறையா, இல்லை நீங்கள் சொல்கிற இந்தப் பதற்றத்தின் ருசியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்கத் தோன்றியது.

#12 மசிக்குப்பி

நிலாமுற்றம், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அன்று அணைக்கவில்லை.

திருத்தும்போது நான் பார்க்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். கீழே கிடப்பவர் வெறும் சாமானாக ஆகிவிட்டாரா என்று பார்ப்பேன். தூக்கப்பட வேண்டிய மூட்டை மாதிரி. சிலியில் அந்த இரண்டு ஸ்பூன் மீன் எனக்கு ஏன் மறக்கவில்லை என்றால், பசியில் இருந்த 33 பேர் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்போது அவர்கள் ஆட்களாகத் தெரிகிறார்கள். வரப்போரத்தின் மாரிமுத்து "காப்பாத்துங்க" தவிர ஒன்றும் பேசுவதில்லை. அவன் எதற்காக அந்தக் கோடையில் அந்தக் கிணற்றில் இறங்கினான், கூலி எவ்வளவு பேசினான் என்றுகூட எனக்குத் தெரியாது.

#13 தணல்வண்டி

மன்னிக்கணும், நேத்து வர முடியலை.

மேல வந்துட்டேன். பாதி முடிச்சோட அவரை விட்டுட்டு மேல வந்து, சிலிண்டர் மாத்திக்கிட்டு மறுபடி இறங்கினேன். விசில் ஊதினா ஏறணும், அதுதான் எங்களுக்கு விதி. விதியை மீறினா அந்தக் கிணத்துல ரெண்டு பேர், அப்புறம் என்னைத் தூக்க இன்னொருத்தன். தூக்கினோம். உயிர் இல்லை. நான் முதல் தடவை இறங்குறதுக்கு முன்னாடியே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நல்ல மனுசன். எனக்காகச் சொன்னாரா, நிஜமாவே சொன்னாரான்னு அவர்கிட்ட நான் கேக்கலை.

#14 பாறைமுட்டி

ஐயா.

#15 வரப்போரம்

ரெண்டு நாளா இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டுப் பழசைக் கிழிச்சுப் போட்டேன். கிணத்து மேட்டை விட்டு நகராம எழுதிப் பாத்தேன்:

"கிணறு 60 அடி. வடக்கயிறு 55. மிச்சத்துக்குப் பெரியவர் தன் எட்டு முழ வேட்டியை அவிழ்த்து முறுக்கி முடிந்தார்.

விளக்கை முதலில் இறக்கினார்கள். 40 அடி வரைக்கும் சுடர் நின்றது. அதற்குக் கீழே சிறுத்தது. 50ல் இல்லை. செல்வம் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினான்.

மாரிமுத்து அடியில் பீடி பற்றவைக்கக் குந்தியவன் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். 300 ரூபாய் கூலிக்கு 400 கேட்டு, 350க்குப் படிந்து, காலையில் சிரித்துக்கொண்டே இறங்கிய முதுகு.

கயிற்றை இடுப்பில் சுற்றி, முடிச்சை இழுத்துப் பார்த்து, 'ஒரு தடவை சுண்டினா விடு, ரெண்டு தடவை சுண்டினா தூக்கு, சுண்டவே இல்லைன்னா' என்று சொல்ல வந்து, கயிற்றைப் பிடித்திருந்த நான்கு பேரையும் பார்த்து, நான்காவது ஆள் பத்தாம் வகுப்புப் பையன் என்பதையும் பார்த்து, சொல்லாமலே இறங்கினான்.

கயிறு ஓடியது. பெரியவர் அடியை எண்ணினார். 20. 30. 'நல்லாத்தான் இருக்கு, விடு' என்று குரல் வந்தது. 40. 50. வேட்டி முடிச்சு சுவரின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனது. கயிறு நின்றது.

சுண்டவில்லை."

#16 இடையினம்

கடைசி வரி! நூற்றுக்கு நூறு போட மனமில்லை, 95. "எட்டு முழ" என்ற அளவு நல்ல அளவு.

#17 தணல்வண்டி

வேட்டி முடிச்சு வடக்கயித்தோட நிக்காது தம்பி, கனம் ஏறினா உருவிக்கும். ஆனா அப்படித்தான் கட்டுவாங்க, அதனால இருக்கட்டும். விளக்கு அணைஞ்சதைப் பாத்துட்டு இறங்கினான்னு எழுதியிருக்கீங்களே, அதையும் நான் பாத்திருக்கேன். படிக்கிற பிள்ளைங்க யாராச்சும் இருந்தா, இறங்காதீங்கப்பா. 101க்கு அடிங்க.

#18 கடைசிபெஞ்ச்

குக்கர் சோதனை ஆச்சா?

#19 வரப்போரம்

ஆச்சு. குக்கரை இறக்கி வச்சதுக்கு அப்புறம்தான் கையில வாங்கினா, அதனால அந்தச் சோதனை செல்லாது. முழுசாப் படிச்சா. ஒண்ணும் சொல்லலை. படுக்கப் போறப்போதான் கேட்டா: "செல்வத்தோட பொண்டாட்டி மாரிமுத்துவுக்குத் தங்கச்சிதானே? கீழ கிடக்கிறது அண்ணனும் புருஷனும். இவ்வளவு எழுதியிருக்கீங்க, அவ எங்க?"

மூணு மாசமா எழுதுறேன். அவளை நான் யோசிக்கவே இல்லை.

#20 தணல்வண்டி

அங்கதான் நிப்பாங்க தம்பி. கிணத்து மேட்டுல, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல. நாலஞ்சு பொம்பளைங்க இடுப்பைச் சேத்துப் புடிச்சிருப்பாங்க. புடிக்கலைன்னா மூணாவது ஆள் அவங்கதான்.